இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நோயுற்ற அந்த ஆறு மாதங்கள்

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம். கி.பி. 1095 ஜூலை. பக்தாத் நகரின் நிழாமிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்துவதற்காக ஓர் ஆசிரியர் வந்து அமர்கிறார். முன்னால் மாணவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகவாவது அன்று ஒரு பாடம் நடத்திவிட வேண்டும் என்று முயல்கிறார். நாவு அசையவில்லை. ஒரு சொல்கூட வெளிவரவில்லை.

அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர். பிற்காலத்தில் ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்று உம்மத்தே போற்றிய இமாம் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தான். நம் நாட்டு அறபு மத்ரஸாக்களில் அவருடைய பெயரைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அவர் மத்ஹபின் தூண்களில் ஒருவர். ஆனால் அவருடைய வாழ்வின் இந்தப் பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

கி.பி. 1058 அளவில் குராஸான் பகுதியின் தூஸ் நகரில் அவர் பிறந்தார். வாப்பா கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. தான் மௌத்தாகும் முன்னர் முஹம்மத், அஹ்மத் என்ற தன் இரு ஆண் பிள்ளைகளையும் ஒரு ஸூபி நண்பரிடம் ஒப்படைத்தார். அவர் விட்டுச்சென்ற சிறு தொகை தீர்ந்ததும், உணவாவது கிடைக்கும் என்று அந்த நண்பர் இருவரையும் மத்ரஸாவில் சேர்த்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இப்படி வயிற்றுப்பாட்டுக்காக மத்ரஸா வாசலை மிதித்த அநாதைப் பிள்ளைதான் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்-ஜுவைனி (ரஹ்) அவர்களின் தலைசிறந்த மாணவராக உயர்ந்தது.

ஆசிரியர் 1085இல் மறைந்த பின் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிழாமுல் முல்க்கின் அவையில் இடம் கிடைத்தது. 1091இல், முப்பத்துமூன்று வயதளவில், பக்தாத் நிழாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று அது. முந்நூறு மாணவர்கள் அவரிடம் படித்தார்கள். கலீபாவின் மாளிகையிலும் சுல்தானின் அவையிலும் மதிப்பு இருந்தது. பட்டம், பதவி, குடும்பம், செல்வாக்கு எல்லாம் இருந்த நிலையில்தான் நோய் வந்தது.

தான் கற்பித்துக்கொண்டிருப்பது அல்லாஹ்வுக்காகவா, பேரும் புகழும் தேடியா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. எல்லாவற்றையும் விட்டுச் சென்றுவிட வேண்டும் என்று காலையில் உறுதி கொள்வார். மாலையில் அந்த உறுதி கலைந்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதங்கள் இப்படியே கழிந்தன. பின்னர் நாவு கட்டுண்டது. அந்தத் துக்கம் உடம்பையும் பிடித்தது. ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை, ஒரு கவளம் உணவு செரிக்கவில்லை. உடல் மெலிந்து பலம் குன்றியது.

வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்துதான் உடலுக்குப் பரவியிருக்கிறது, மனதை அழுத்தும் கவலை நீங்காதவரை எந்த மருந்தும் வேலை செய்யாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாத் வைத்தியர்களுக்கு இது விளங்கியிருக்கிறது. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், காரணம் தெரியாத உடல் வலியோடு வைத்தியசாலைகளில் ஏறி இறங்கும் எத்தனையோ பேரின் நோய் மனதில் இருக்கிறது என்பது இன்றும் நமக்கு விளங்குவதில்லை.

ஊர் என்ன சொன்னது? அன்றும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ஆட்சியாளர்களுக்குப் பயந்துதான் அவர் விலகுகிறார் என்று தூரத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அருகில் இருந்தவர்கள் கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். ஈராக்கின் ஆலிம்கள் அவரைக் குறை கூறினார்கள். அவர் கைவிடுவது மார்க்கத்தின் மிக உயர்ந்த பதவி என்று அவர்கள் கருதியதால் அவருடைய நியாயம் எவருக்கும் புரியவில்லை.

தன்னால் இனி இயலாது என்ற நிலையில் இமாம் அவர்கள் அல்லாஹ்விடம் முழுமையாகத் திரும்பினார்கள். அதன் பிறகு பதவியையும் செல்வத்தையும் விடுவது இலகுவாயிற்று. பிள்ளைகளின் செலவுக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பகிர்ந்தளித்தார்கள். மத்ரஸாவில் அவருடைய இடத்தைத் தம்பி அஹ்மத் ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் இமாம் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள்.

டமஸ்கஸ் நகரில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அங்கே உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு நாட்களைக் கழித்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ், அதன் பிறகு ஹஜ்ஜும் மதீனா ஸியாரத்தும். இறுதியில் பிள்ளைகளின் ஏக்கம் அவரை ஊருக்கு இழுத்தது. ஊரிலும் தனிமையையே விரும்பினார்கள். குடும்பப் பாரமும் பிழைப்புக் கவலையும் அந்த அமைதியை அடிக்கடி குலைத்தன, மனம் தெளிந்திருந்த நேரங்கள் இடையிடையேதான் வாய்த்தன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. மனநோயிலிருந்து மீள்பவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுகம் ஒரே நாளில் வருவதில்லை. இன்று நன்றாக இருந்தவர் நாளை மீண்டும் தளர்ந்து போகலாம். அதற்காக யாரும் அவரைக் கைவிட்டுவிடக் கூடாது.

இந்தக் காலத்தில்தான் இஹ்யா உலூமித்தீன் பிறந்தது. உள்ளத்தின் நோய்களையும் அவற்றின் சிகிச்சையையும் இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய நூல்கள் மிகச் சில. அதே நூலில், மருந்து செய்வது தவக்குலுக்கு முரணானது அல்ல என்று அவர் விளக்குகிறார். மருத்துவக் கல்வியை பர்ளு கிபாயாவாகக் கணக்கிடுகிறார். 1106இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 505இல், கி.பி. 1111 டிசம்பரில், சொந்த ஊரான தூஸில் வபாத்தானார்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்ததால் தெரியும். தன் இறுதிக் காலத்தில் எழுதிய அல்-முன்கித் மினழ் ழலால் என்ற நூலில் தன் நோயை அவர் மறைக்கவில்லை. அதற்கு முன்னர் ஒரு கட்டத்தில் இரண்டு மாதங்கள் வரை எதையும் நம்ப முடியாத சந்தேகத்தில் மூழ்கியிருந்ததையும் நோய் என்றே குறிப்பிடுகிறார். அவ்வளவு பெரிய இமாமுக்குத் தன் மனம் நோயுற்றதைச் சொல்ல வெட்கம் இருக்கவில்லை.

நமக்குத்தான் வெட்கம். பிரஷர் என்றால் சொல்கிறோம், சீனி வருத்தம் என்றால் சொல்கிறோம். மனம் சரியில்லை என்றால் மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிறோம். வாழ்வே வெறுத்துவிட்டது என்று வாய் திறக்கும் இளைஞனிடம் ஈமான் போதாது, தொழுதால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புகிறோம். தொழுகை ஆறுதல் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலியின் ஈமானில் குறை கண்டு அவருடைய நோயை விளக்க யாருக்குத் துணிவு வரும்? தற்கொலை ஹராம் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். தாங்க முடியாத வேதனையில் இருப்பவருக்கு அப்போது தேவைப்படுவது அந்த வேதனையைக் கேட்கும் ஒருவர்.

உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென ஒதுங்கிக்கொண்டால், உணவையும் தூக்கத்தையும் இழந்தால், தான் எல்லோருக்கும் பாரம் என்று பேசினால், பக்கத்தில் போய் அமருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்லிவிட ஒரு வழிதான் கிடைக்கும். உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் கேளுங்கள். ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாதீர்கள். பல அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூடவே சென்று வாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இதை வாசிக்கும் உங்களுக்கே அப்படி ஒரு பாரம் இருந்தால், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

1095இல் அந்த மாணவர்களின் முன்னால் பேச முடியாமல் அமர்ந்திருந்தவர் அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். இஹ்யா அந்த ஆண்டுகளில்தான் எழுதப்பட்டது. அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு ஆரோக்கியத்தையும், அடுத்தவர் வேதனையைக் கேட்கும் பொறுமையையும் தருவானாக.