ஆனி சல்லிவன்: அற்புதம் அன்று, ஆசிரியப் பணி

சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்றால் என்ன வேலை கிடைக்கும் என்று மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. பாடப்பிரிவுகளையும் பணி வாய்ப்புகளையும் சொல்லிவிட்டு, ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்குமாறும் பரிந்துரைப்பேன். அவர் ஹெலன் கெல்லரின் ஆசிரியர் ஆனி சல்லிவன். மாணவியை அறிந்த நம்மில் பலர், ஆசிரியரை ஓரளவே அறிந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பமொன்றில் 1866 ஏப்ரல் 14 அன்று ஆனி பிறந்தார். ஐந்து வயதளவில் டிரக்கோமா என்னும் கண்நோய் அவரது பார்வையின் பெரும்பகுதியைப் பறித்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையும் கைவிட்ட நிலையில், 1876இல் அவரும் தம்பி ஜிம்மியும் டூக்ஸ்பரி என்ற ஊரிலிருந்த ஏழையர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டனர். சில மாதங்களிலேயே தம்பி அங்கு இறந்துபோனான். நோயாளிகளும் மனநலம் குன்றியோரும் நிறைந்திருந்த அந்தக் காப்பகத்தில், எழுதப் படிக்கத் தெரியாமலேயே நான்காண்டுகளைக் கழித்தார் ஆனி.

பார்வையற்றோருக்கெனப் பள்ளி ஒன்று உண்டு என்பதை அங்கிருந்தவர்கள் வாயிலாக அறிந்துகொண்டார். 1880இல் காப்பகத்தைப் பார்வையிட அரசு அதிகாரிகள் வந்தபோது, அவர்களை நெருங்கித் தம்மைப் பள்ளிக்கு அனுப்புமாறு வேண்டினார். அந்தத் துணிவே அவரை பாஸ்டனிலிருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது. அப்போது அவருக்கு வயது 14. தம்மைவிடச் சிறியவர்களோடு அமர்ந்து எழுத்துகளை முதலிலிருந்து கற்றார். இடையில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வை மீண்டது. ஆறே ஆண்டுகளில், 1886இல், தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார்.

அப்பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற மூத்த பெண்மணி வாழ்ந்துவந்தார். பார்வையும் செவிப்புலனும் அற்ற அவருக்கு, பள்ளியின் முதல் இயக்குநர் சாமுவேல் ஹோவ் 1837 முதல் மொழி கற்பித்திருந்தார். லாராவோடு உரையாடுவதற்காகவே, உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளை உணர்த்தும் முறையை ஆனி கற்றுக்கொண்டார். பின்னாளில் தமக்கு இதுவே வாழ்வுப் பணியாகும் என்று அவர் அப்போது எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அலபாமா மாகாணத்தின் டஸ்கம்பியாவில் வாழ்ந்த கெல்லர் குடும்பத்தினர், தங்கள் மகளுக்கு ஆசிரியர் வேண்டுமெனப் பெர்கின்ஸ் பள்ளியைக் கேட்டனர். ஆனியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. மாத ஊதியம் 25 டாலர். அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை. லாராவுக்குக் கற்பித்தது குறித்து ஹோவ் எழுதிவைத்திருந்த அறிக்கைகளைச் சில மாதங்கள் ஊன்றிப் படித்தார். முன்னோர் செய்ததைப் பதிவேடுகளிலிருந்து கற்றுக்கொண்டு களத்துக்குச் செல்லும் இந்த ஆயத்தத்தையே இன்று பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டமாக வைத்திருக்கின்றன.

1887 மார்ச் 3 அன்று டஸ்கம்பியாவை அடைந்தபோது ஆனிக்கு 20 வயது. ஹெலனுக்கு ஏழு வயது நிறையவில்லை. குழந்தையின் மீதிருந்த இரக்கத்தால் பெற்றோர் அவள் விருப்பம் போல நடக்க விட்டிருந்தனர். இந்த இரக்கம் கல்விக்குத் தடை என்று கண்ட ஆனி, குடும்பத்தின் இசைவோடு அருகிலிருந்த சிறு வீடொன்றில் ஹெலனோடு தனித்துத் தங்கி அவளுடைய நம்பிக்கையைப் பெற்றார். ஏப்ரல் 5 அன்று, குழாயிலிருந்து நீர் ஒரு கையில் வழிந்தோட, மறு கையில் அதன் பெயர் எழுதப்பட, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்பது ஹெலனுக்குப் புலப்பட்டது.

இந்தக் காட்சியைத்தான் உலகம் அற்புதம் என்று கொண்டாடுகிறது. எனக்கோ அதற்குப் பிந்தைய வாரங்களே முக்கியமாகத் தோன்றுகின்றன. பேச்சு வராத சிறு குழந்தை ஒன்றை ஆனி கூர்ந்து கவனித்தார். சொல்லத் தெரியாவிட்டாலும் பிறர் சொல்வதை அது புரிந்துகொள்வதைக் கண்டார். குழந்தையின் காதில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசுவது என்று முடிவு செய்தார். வகுக்கப்பட்ட நேர அட்டவணையைக் கைவிட்டு, தோட்டத்தையும் ஆற்றங்கரையையும் வகுப்பறையாக்கினார். தம் அவதானிப்புகளைக் கடிதங்களில் தொடர்ந்து எழுதினார். ஆகஸ்ட் இறுதிக்குள் ஹெலன் 625 சொற்களை அறிந்திருந்ததாக அவர் கணக்கிட்டுப் பதிந்திருக்கிறார். கவனித்தல், முறையை மாற்றுதல், விளைவைப் பதிதல் ஆகிய மூன்றும் இன்றைய சிறப்பாசிரியரின் அன்றாட வேலையாகும்.

அடுத்த பதினேழு ஆண்டுகள் மாணவியின் படிப்பே ஆசிரியரின் வாழ்க்கையாயிற்று. 1897இல் இருவரையும் பிரிக்கப் பள்ளித் தலைமை ஒன்று முயன்றது. ஹெலனின் தாய் ஆசிரியரின் பக்கம் நின்றார். 1900இல் ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலன் சேர்ந்ததும், ஒவ்வொரு விரிவுரையையும் அவர் கையில் எழுதியவர் ஆனி. பிரெயிலில் கிடைக்காத நூல்களையெல்லாம், பழுதுபட்ட தம் கண்களால் படித்துச் சொன்னார். 1904இல் ஹெலன் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். அதே பாடங்களைக் கூடவே கேட்ட ஆனிக்குப் பட்டமில்லை. அவர் மாணவியாகப் பதிவு செய்துகொண்டவர் அல்லர்.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. செல்வந்தர்களின் உதவியையும் சொற்பொழிவு வருமானத்தையும் நம்பியே இருவரும் வாழ்ந்தனர். 1920 தொடங்கிச் சில ஆண்டுகள் கேளிக்கை அரங்க மேடைகளில் தோன்றியும் பொருளீட்ட நேர்ந்தது. மேடை விளக்குகளின் கூச்சம் ஆனியின் கண்களை வருத்தியது. டெம்பிள் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளிக்க முன்வந்தபோது முதலில் மறுத்த அவர், 1932இல் ஏற்றுக்கொண்டார். இறுதிக் காலத்தில் பார்வையை முற்றிலும் இழந்து, 1936 அக்டோபர் 20 அன்று மறைந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் இரண்டு. ஒன்று, இது பயிற்சியால் வாய்க்கும் தொழில். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டம் அதைத்தான் உறுதி செய்கிறது. அம்மன்றம் ஏற்ற படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் இடம்பெற்றவரே சிறப்பாசிரியராகப் பணியாற்றலாம். பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. படித்தவர்கள் சிறப்புப் பள்ளிகளில், உள்ளடக்கிய கல்வி நடைபெறும் பொதுப் பள்ளிகளில், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில், ஹெலனுக்கு இருந்ததைப் போன்ற பார்வை, செவித்திறன் இரண்டும் இணைந்த குறைபாடும் இடம்பெற்றுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கெனத் தேசிய நிறுவனமே இயங்குகிறது.

மற்றொன்று, இரக்கத்தைச் சம்பளமாகக் கொடுத்து ஒரு தொழிலை வளர்க்க முடியாது. தொடக்க வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு பேசப்படுகிறது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குமாறு 2021இல் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆயினும் தமிழகத்தின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் பல்லாண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளுகின்றனர். அவர்களுடைய வேலையைத் தொண்டு என்று புகழ்கிறோம். ஊதியம் என்று வரும்போது தயங்குகிறோம்.

வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. தேவை உண்டு, படிப்பு உண்டு, சட்டமும் உண்டு. நிரந்தரப் பணியிடத்தை உருவாக்கும் பொறுப்பு அரசுக்கும், அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நமக்கும் இருக்கிறது. பள்ளிக்கு அனுப்புங்கள் என்று டூக்ஸ்பரியில் ஒரு சிறுமி கேட்டதற்குச் செவிசாய்த்ததால், இரண்டு பெண்களின் வாழ்வு மலர்ந்தது. நம் வகுப்பறைகளின் கடைசி வரிசையில், அவ்வாறு கேட்கக்கூட இயலாத குழந்தைகள் ஓர் ஆசிரியருக்காகக் காத்திருக்கின்றனர்.