சிறியதைப் புறக்கணிக்காத மனிதர்



வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதற்கு 1871-ஆம் ஆண்டில் கணக்கோடு விடை தந்தவர் இங்கிலாந்து அறிவியலார் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். ராலே பிரபு என்றால் நம் மாணவர்களுக்குத் தெரியும். ஒளியைப் போலவே ஒலியும் சிறு துகள்களில் பட்டுச் சிதறுவதை ஆராய்ந்தவரும் இவரே.

1842 நவம்பர் 12 அன்று எசெக்ஸ் பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே உடல்நலம் குன்றியதால் பள்ளிப்படிப்பு அடிக்கடி தடைபட்டது. ஆயினும் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1871-இல் திருமணமானது. அடுத்த ஆண்டே ருமாட்டிக் காய்ச்சல் அவரைக் கடுமையாகத் தாக்கியது. உடல் தேற எகிப்து சென்றவர், நைல் நதியில் படகில் இருந்தபடியே ஒலியின் கோட்பாடு என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். அது 1877, 1878-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் குறுக்கே இருந்தால், அலையின் பெரும்பகுதி அதைக் கடந்து சென்றுவிடும். மிகச் சிறு பங்கே நாற்புறமும் சிதறும். ஆனால் அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். கென்ட் பகுதியின் பெட்ஜ்பரி பூங்காவில், பெண் ஒருவரின் குரல் ஊசியிலை மரத்தோப்பிலிருந்து ஒரு ஸ்தாயி உயர்ந்து எதிரொலித்த விந்தையை 1873-இல் அவர் இவ்வாறே விளக்கினார். குரலில் கலந்திருந்த உயர்ந்த சுரங்களையே மரங்கள் அதிகமாகத் திருப்பி அனுப்பின.

துகளுக்கு அருகில் கடினமான சுவர் இருந்தால் நிலைமை மாறும். நேரே வரும் அலையோடு, சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் துகளைத் தொடும். துகள் சிதறடிக்கும் ஒலியும் சுவரில் மோதித் திரும்பும்.

சுவரோர ஒலி ராலேயை வெகுவாகக் கவர்ந்தது. லண்டன் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில், சுவரருகே மெல்லப் பேசினால் மறுபுறம் இருப்பவருக்கும் கேட்கும். ஒலி சுவரை ஒட்டியே வளைந்து செல்வதுதான் காரணம் என்றார் அவர். துத்தநாகத் தகட்டை அரைவட்டமாக வளைத்து, ஒரு முனையில் கீச்சென ஒலிக்கும் ஊதலையும் மறுமுனையில் ஒலிக்கு அசையும் சுடரையும் வைத்தார். ஊதல் ஒலிக்கச் சுடர் துடித்தது. தகட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு குறுகிய தடுப்பை வைத்ததும் சுடர் அடங்கியது.

காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்ததைவிடச் சுமார் அரை விழுக்காடு கனமாக இருந்தது. வேறொருவர் பிழையென்று விட்டிருப்பார். ராலே விடவில்லை. அதனால் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தார். 1904-இல் நோபல் பரிசு பெற்று, அப்பணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1919 ஜூன் 30 அன்று காலமானார்.

ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த அவர், தம் கட்டுரைத் தொகுப்பின் முகப்பில் திருப்பாடல் 111-இன் வசனம் ஒன்றைப் பதித்தார். ஆண்டவரின் செயல்களை ஆய்ந்து மகிழ்வோரைப் பற்றியது அது.

குறுகிய தடுப்பொன்று ஒலியின் வழியையே அடைத்துவிட்டது. நம் இல்லங்களில் மெல்லப் பேசும் ஒருவரின் குரல் நம்மை எட்டாதபடி, எந்தச் சிறு தடுப்பை வைத்திருக்கிறோம்? சிந்திப்போம்.