செவியை ஆராய்ந்த செம்மல்

டொயின்பி என்றவுடன் சரித்திர அறிஞர் ஆர்னோல்ட் டொயின்பியே பலருக்கும் நினைவில் எழுவார். நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த அப்பெரியாரின் பாட்டனார் ஜோசப் டொயின்பி, மனிதச் செவி என்னும் சின்னஞ்சிறு குகையை ஆராய்ந்தவர். அக்கரப்பத்தனையில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்குப் பேரனைவிடப் பாட்டனாரே நெருங்கிய உறவினர்போல் தோன்றுகிறார். காரணம் பின்னர் விளங்கும்.

ஜோசப் 1815ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்றார். அந்நாளில் செவிநோய் மருத்துவம் பெரும்பாலும் போலி வைத்தியரின் பிழைப்பாக இருந்தது. அதனை விஞ்ஞானமாக்க அவர் தேர்ந்தது பொறுமையின் வழி. இறந்தோரின் செவிகள் ஏறத்தாழ 2,000ஐ அறுத்துப் பார்த்து, நோய் எங்கே தோன்றி எவ்வாறு பரவுகிறது என்று குறித்து வைத்தார். 1842இல், இருபத்தாறே வயதில், ராயல் சொசைட்டியின் அங்கத்தவரானார். பின்னர் செயின்ட் மேரீஸ் வைத்தியசாலையில் செவிநோய்ச் சத்திர வைத்தியராகப் பணியாற்றினார். 1860இல் அவரது செவிநோய் நூல் வெளிவந்தது.

நாட்பட்ட சீழினால் செவிப்பறையில் துவாரம் விழுந்தால், ஒலியை ஏந்தி நடுச்செவியின் சிற்றென்புகளுக்கு அனுப்பும் பரப்புக் குறைகிறது. தோல் கிழிந்த மத்தளத்தின் நிலைதான். 1853இல் டொயின்பி மெல்லிய இறப்பர்த் தகடொன்றை வெள்ளிக் கம்பியிற் பொருத்திச் செவிக்குள் வைத்து அத்துவாரத்தை மூடினார். அது குணப்படுத்தவில்லை, பொய்க்கால் போன்றதோர் உதவியே. எனினும், கிழிந்த பறையை மூடினால் கேட்குந்திறன் பலருக்கு மேம்படும் என்பதைக் காட்டியது.

1866 ஜூலையில், காதிரைச்சலுக்கு மருந்து தேடிக் குளோரோபோமையும் ஐதரோசயனிக் அமிலத்தையும் தம்மீதே சோதித்தார். அந்தச் சோதனையிலேயே ஐம்பது வயதில் உயிர் நீத்தார். சோதனை பற்றிய அவரது குறிப்புகள் அருகே கிடந்தன.

1878இல் ஜெர்மானியரான பெர்தோல்ட், நோயாளியின் தோலையே எடுத்துச் செவிப்பறையில் ஒட்டவைத்தார். 1950களின் தொடக்கத்தில் வுல்ஸ்டைனும் சோல்னரும் நுணுக்குக்காட்டியின் துணையோடு இச்சத்திர சிகிச்சையை முறைப்படுத்தினர். இன்று பெரும்பாலும் காதுக்கு மேலுள்ள தசையின் உறையிலிருந்து சிறு துண்டெடுத்துத் துவாரத்தை அடைக்கிறார்கள்.

இனிக் காரணத்தைச் சொல்வேன். பனி மூடிய இம்மலையில், நெருக்கமான லயக் காம்பராக்களில் சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதிற் பரவும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் வழியே பிள்ளைகளின் செவிக்கும் ஏறும். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, சொல்வதெழுதலில் மட்டும் தடுமாறுவதை யான் கண்டிருக்கிறேன். ஊரார் அப்பிள்ளையை மந்தன் என்பர். எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவாரும் உளர். துவாரமுள்ள செவிக்கு அது கேடு.

ஆசிரியர் செய்யத்தக்கது சிறிதே: அப்பிள்ளையை முன் வாங்கில் அமர்த்தி, காதில் சீழ் வடிகிறதா என்று வினவி, வைத்தியரிடம் காட்டுமாறு பெற்றோரை இணங்கச் செய்தல். பிள்ளையின் அறிவை அளக்குமுன் செவியை அறிய வேண்டும். செவியின் உள்ளே பார்த்தபின்னரே முடிவு கூறிய அப்பெரியாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.