ஏவா பெரோன்: ஒரு வாழ்வும் இரண்டாகப் பிளந்த நாடும்

அர்ஜென்டினா அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோன் காலமானதை 1952ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி இரவு அந்நாட்டு வானொலி அறிவித்தது. அவருக்கு அப்போது வயது 33. அவரது உடலைக் காண்பதற்காகத் தலைநகர் பியூனஸ் அயர்ஸின் வீதிகளில் லட்சக்கணக்கானோர் குளிரையும் மழையையும் பொருட்படுத்தாது நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். நகரின் கடைகளில் மலர்கள் தீர்ந்துபோயின. அதே நகரின் வசதிமிக்க பகுதிகளிலோ, மூடிய கதவுகளுக்குப் பின்னால் பலர் அந்த மரணத்தை நிம்மதியுடன் வரவேற்றனர்.

எந்தத் தேர்தலிலும் போட்டியிட்டிராத ஒரு பெண்ணின் மரணம் ஒரு தேசத்தை இவ்வாறு இரண்டாகப் பிரித்துக் காட்டியது ஏன் என்ற கேள்விக்கான விடை, அவரது வாழ்க்கையில் மட்டுமின்றி, அவர் பிறந்த நாட்டின் செல்வம் பங்கிடப்பட்ட விதத்திலும் அடங்கியிருக்கிறது.

செல்வம் கொழித்த நாடு

முதல் உலகப் போருக்கு முன்னர், தனிநபர் வருமான அடிப்படையில் உலகின் மிகச் செல்வந்த நாடுகளின் வரிசையில் அர்ஜென்டினா இடம்பெற்றிருந்தது. பம்பாஸ் சமவெளியில் விளைந்த கோதுமையும், அங்கு வளர்க்கப்பட்ட மாடுகளின் இறைச்சியும் பிரிட்டனுக்குக் கப்பல்களில் சென்றன. ரயில் பாதைகளில் பெரும்பகுதி பிரிட்டிஷ் நிறுவனங்களின் கையில் இருந்தது. லண்டனின் புகழ்பெற்ற ஹாரட்ஸ் அங்காடி 1914இல் பியூனஸ் அயர்ஸில் தனது கிளையைத் திறந்தது.

ஆனால் அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணான நிலம், ஒப்பீட்டளவில் சிறு எண்ணிக்கையிலான குடும்பங்களிடமே குவிந்திருந்தது. இத்தாலியில் இருந்தும் ஸ்பெயினில் இருந்தும் லட்சக்கணக்கில் வந்து குடியேறியவர்களில் பலர் குத்தகை விவசாயிகளாகவோ நகரத் தொழிலாளர்களாகவோதான் வாழ முடிந்தது.

ஆண்கள் அனைவருக்கும் இரகசிய வாக்குரிமையை உறுதி செய்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், இந்த ஏற்றத்தாழ்வு குறித்த வாதத்தைத் தேர்தல் மூலம் நடத்துவதற்கு ஒரு வழியைத் திறந்தது. 1930இல் நடந்த இராணுவப் புரட்சி அந்த வழியை அடைத்தது. அதன் பின்னர் பழமைவாத அரசுகள் தேர்தல் மோசடிகளின் துணையுடன் ஆட்சியில் நீடித்தன. குறைகளைச் சொல்ல வாக்குச்சீட்டு பயன்படாது என்ற எண்ணத்துடன் ஒரு தலைமுறையே வளர்ந்தது. பின்னாளில் வந்த பிளவின் வேர்களில் இதுவும் ஒன்று.

லோஸ் தோல்தோஸ் சிறுமி

மரியா ஏவா துவார்த்தே 1919 மே 7ஆம் தேதி, பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் லோஸ் தோல்தோஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹுவான் துவார்த்தே அங்கிருந்த பண்ணை ஒன்றை நிர்வகித்தவர். அவருக்குச் சிவில்கோய் நகரில் சட்டப்படியான மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். தாய் ஹுவானா இபார்குரெனுடன் அவருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் ஏவா கடைசிக் குழந்தை.

1926இல் கார் விபத்தில் தந்தை இறந்தபோது, ஹுவானா தன் பிள்ளைகளுடன் இறுதிச் சடங்குக்குச் சென்றார். சட்டப்படியான குடும்பத்தினர் அவர்களது வருகையை எதிர்த்தனர். வாக்குவாதத்திற்குப் பின்னரே தந்தையின் உடலைக் காணவும், சவ ஊர்வலத்தின் பின்னே நடந்து செல்லவும் அப்பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஏவாவுக்கு அப்போது ஆறு வயது. தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய தாயுடன் அவர் பின்னர் ஹுனின் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

நடிகையாகும் கனவுடன் 1935இல், 15 வயதில், ஏவா தலைநகருக்கு வந்தார். சிறு நாடக வேடங்கள், ஓரிரு திரைப்படங்கள் என்று தொடங்கிய அவருக்கு, வானொலி நாடகங்களே புகழையும் வருவாயையும் தந்தன. வரலாற்றில் இடம்பெற்ற பெண்களைப் பற்றிய நாடகத் தொடரில் அரசிகளுக்கும் நடிகைகளுக்கும் அவர் குரல் கொடுத்தார்.

1930களின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், உள்நாட்டு மாகாணங்களில் இருந்து ஏழைகள் பெருந்திரளாகத் தலைநகரின் தொழிற்சாலைகளை நாடி வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களது கருமையான நிறத்தையும் முடியையும் குறிக்கும் இழிசொல் ஒன்றால் நகரத்தின் மேல்தட்டினரும் நடுத்தர வர்க்கத்தினரில் ஒரு பகுதியினரும் அவர்களை அழைத்தனர். வருமானத்தில் இருந்த இடைவெளி, இவ்வாறு மரியாதையில் இருந்த இடைவெளியாகவும் மாறியிருந்தது.

1945 அக்டோபர் 17

1944 ஜனவரியில் சான் ஹுவான் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவர்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஏவா, கர்னல் ஹுவான் பெரோனைச் சந்தித்தார். 1943இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசில் தொழிலாளர் நலத் துறையைப் பொறுப்பேற்றிருந்த பெரோன், தொழிற்சங்கங்களின் ஆதரவை வேகமாகப் பெற்று வந்தார். பண்ணைத் தொழிலாளர்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் 1944இல் வந்தது.

பெரோனின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய சக இராணுவ அதிகாரிகள் 1945 அக்டோபரில் அவரைப் பதவி விலகச் செய்து கைது செய்தனர். அக்டோபர் 17ஆம் தேதி, புறநகர்த் தொழிலாளர்கள் பாலங்களைக் கடந்து நகரின் மையத்தில் உள்ள மே சதுக்கத்தில் திரண்டனர். நீண்ட தூரம் நடந்து களைத்தவர்கள் அங்கிருந்த நீரூற்றுத் தொட்டிகளில் கால்களை நனைத்த காட்சி, மேல்தட்டினருக்கு அருவருப்பையும் ஆதரவாளர்களுக்குப் பெருமிதத்தையும் தந்தது. சட்டையற்றவர்கள் என்று எதிர்த்தரப்பு ஏளனமாகச் சூட்டிய பெயரை அவர்கள் தங்கள் விருதாக ஏற்றுக்கொண்டனர்.

அன்றிரவே பெரோன் விடுவிக்கப்பட்டார். ஐந்து நாட்களில் ஏவாவை மணந்தார். அந்தத் திருமணத்திற்காக ஏவாவின் பிறப்புப் பதிவே மாற்றி எழுதப்பட்டது. முறைப்படி பிறக்காதவர் என்ற அடையாளம் அந்நாளைய சமூகத்தில் எவ்வளவு கனத்தது என்பதற்கு அதுவே சான்று.

1946 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் பழமைவாதிகள் முதல் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் வரை ஏறத்தாழ எல்லாப் பழைய கட்சிகளும் ஓரணியில் நின்றபோதிலும், பெரோன் 52 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் வென்றார்.

உரிமையும் கொடையும்

அடுத்த சில ஆண்டுகளில் தொழிலாளர்களின் வாழ்க்கை கண்கூடாக மாறியது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை, ஆண்டிறுதி மாதச் சம்பளம், ஓய்வூதியம் ஆகியவை விரிவடைந்தன. தேசிய வருமானத்தில் உழைப்பாளர்களின் பங்கு ஏறத்தாழ பாதியை எட்டியது. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதற்கு முன்னர் பல பத்தாண்டுகளாக வேறு பெண்கள் போராடியிருந்தனர் எனினும், அதைச் சட்டமாக்கும் முயற்சிக்கு ஏவாவின் செல்வாக்கு துணை நின்றது.

உயர்குடிப் பெண்கள் 1823 முதல் நடத்தி வந்த அறச் சங்கத்தை 1946இல் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. 1948இல் ஏவா தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். மருத்துவமனைகள், பள்ளிகள், முதியோர் இல்லங்கள், செவிலியர் பயிற்சிக்கூடம் ஆகியவற்றை அது உருவாக்கியது. வீடற்ற பெண்கள் தங்கும் இல்லங்களில் விலையுயர்ந்த அறைக்கலன்கள் வேண்டுமென்றே இடப்பட்டன. ஏழைக்கு ஏழ்மையான பொருளே போதும் என்ற பழைய அறத்தின் வழக்கத்தை ஏவா ஏற்கவில்லை.

தொழிலாளர் அமைச்சகத்தில் அவரைக் காணத் தினமும் நீண்ட வரிசை நின்றது. தையல் இயந்திரம், மருந்து, வீடு, வேலை என்று ஒவ்வொருவரின் தேவையையும் அவர் நேரில் கேட்டுத் தீர்த்தார். நோயாளிகளை அணைத்து முத்தமிட்டார். இந்த வேலை பல நாட்களில் நள்ளிரவைக் கடந்தும் நீடித்தது.

அவரது அரசியலின் வலிமையும் பலவீனமும் இங்குதான் ஒன்றாகக் கலந்திருந்தன. சட்டப்படி ஒரு குடிமகளுக்குச் சேரவேண்டியது, ஏவாவின் கையால் அவரது படம் பொறித்த பொருளாக வந்து சேர்ந்தது. பெற்றவர்கள் அதை ஒரு தாயின் அன்பாகவே உணர்ந்தனர். ஆனால் அறக்கட்டளைக்கான நிதி தொழிலாளர் ஊதியத்தில் இருந்தும், அரசின் ஒதுக்கீட்டில் இருந்தும், நிறுவனங்களின் நன்கொடைகளில் இருந்தும் வந்தது. கொடுக்க மறுத்த நிறுவனங்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. அதன் கணக்குகள் கண்டிப்பான பொதுத் தணிக்கைக்கு உட்படவில்லை.

மறுதரப்பின் அச்சம்

எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அனைவரும் நிலச்சுவான்தார்கள் அல்லர். சுதந்திரத்தை இழந்துவிடுவோம் என்று அஞ்சிய ஆசிரியர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள், சிறு விவசாயிகள் ஆகியோரும் அவர்களில் இருந்தனர். எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1946இல் நூலகப் பணியில் இருந்து அகற்றப்பட்டார். எதிர்க்கட்சித் தலைவர் ரிக்கார்தோ பல்பின் 1950இல் சிறையில் அடைக்கப்பட்டார். லா பிரென்சா நாளிதழை 1951இல் அரசு கையகப்படுத்தித் தொழிற்சங்கக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. ஏவாவின் பெயரில் வெளியான தன்வரலாறு பள்ளிகளில் பாடநூலாக்கப்பட்டது.

ஏழைகளின் பிரதிநிதியாகப் பேசியவர் பாரிஸ் நகரின் உயர்தர ஆடைகளையும் வைரங்களையும் அணிந்தது எதிரிகளுக்குப் போலித்தனமாகத் தெரிந்தது. ஆதரவாளர்களோ, தங்களில் ஒருத்தி சீமாட்டிகளைப் போல உடுத்துவதில் தங்களது வெற்றியைக் கண்டனர். ஒரே ஆடையை இரு தரப்பும் இரு வேறு விதமாகப் பார்த்தன.

1951 ஆகஸ்டில் பல லட்சம் பேர் கூடிய பேரணி, துணை அதிபர் பதவிக்கு ஏவா போட்டியிட வேண்டும் என்று கோரியது. இராணுவத்தின் எதிர்ப்பும் முற்றிவந்த புற்றுநோயும் அதற்கு இடந்தரவில்லை. சில நாட்களில் அவர் வானொலியில் தோன்றி அந்த வாய்ப்பைத் துறந்தார். நவம்பரில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த அதிபர் தேர்தலில், அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தே வாக்களித்தார். பெரோன் 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளைப் பெற்றார்.

அதற்குள் கைவளம் கரைந்திருந்தது. போர்க்கால ஏற்றுமதியில் சேர்ந்த செலாவணி கையிருப்பு குறைந்தது, வறட்சி தாக்கியது, விலைவாசி உயர்ந்தது. பகிர்ந்தளிக்கப் புதிய வளம் இல்லாத நிலையில், ஒரு தரப்பின் ஆதாயம் மறு தரப்பின் இழப்பாகவே தெரியத் தொடங்கியது.

தடை செய்யப்பட்ட பெயர்

1955 ஜூன் 16ஆம் தேதி கடற்படை விமானங்கள் மே சதுக்கத்தின் மீது குண்டு வீசியதில் 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் இராணுவம் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்தது. பெரோன், ஏவா ஆகிய பெயர்களைப் பொதுவெளியில் உச்சரிப்பதும் அவர்களது படத்தைக் காட்டுவதும் 1956ஆம் ஆண்டு ஆணை ஒன்றின் மூலம் குற்றமாக்கப்பட்டன. அறக்கட்டளையின் முத்திரை பொறித்த பொருட்கள் அழிக்கப்பட்டன. ஏவா உயிர்நீத்த அதிபர் மாளிகை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் பின்னாளில் தேசிய நூலகம் எழுந்தது.

பதப்படுத்தப்பட்டிருந்த அவரது உடலையும் இராணுவம் கவர்ந்து சென்றது. 1957இல் இத்தாலியின் மிலான் நகரக் கல்லறை ஒன்றில் வேறொரு பெயரில் அது இரகசியமாகப் புதைக்கப்பட்டது. 1970இல் முன்னாள் இராணுவ ஆட்சியாளர் அரம்புருவைக் கடத்திக் கொன்ற மொந்தோனெரோஸ் ஆயுதக் குழு, ஏவாவின் உடல் எங்கே என்பதையும் ஒரு குற்றச்சாட்டாக முன்வைத்தது. அடுத்த ஆண்டு உடல் ஸ்பெயினில் இருந்த பெரோனிடம் ஒப்படைக்கப்பட்டு, 1974இல் தாயகம் திரும்பியது. 1976 முதல் அது ரெகோலெத்தா கல்லறையில், ஆழமான நிலவறை ஒன்றில் இருக்கிறது. ஏவா யாரை எதிர்த்துப் பேசினாரோ, அந்த உயர்குடிக் குடும்பங்கள் துயிலும் இடம் அது.

தொடரும் பிளவு

நாட்டின் மிகப்பெரிய அரசியல் இயக்கத்தைச் சுமார் 18 ஆண்டுகள் தேர்தலில் இருந்து விலக்கி வைத்ததால் அந்த இயக்கம் மறைந்துவிடவில்லை. மாறாக, வன்முறைக்கும், 1976 முதல் 1983 வரை நீடித்து ஆயிரக்கணக்கானோரைக் காணாமலாக்கிய இராணுவ ஆட்சிக்கும் வழி செய்தவற்றுள் அந்த விலக்கலும் ஒன்று. ஏவாவின் உருவம் 2012இல் 100 பெசோ நாணயத்தாளில் இடம்பெற்றது. ஆனால் அர்ஜென்டினர்கள் தங்கள் அரசியலைப் பற்றிப் பேசும்போது பிளவு என்ற சொல்லை இன்றும் கையாள்கின்றனர். மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதத்தினர் வறுமையில் இருந்த 2023ஆம் ஆண்டின் அதிபர் தேர்தலும், பெரோனியம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. பெரோனிய வேட்பாளர் செர்கியோ மாசாவை ஹாவியேர் மிலே அதில் தோற்கடித்தார்.

செல்வத்தில் இடைவெளி உள்ள நாடுகள் எல்லாம் இவ்வாறு பிளவுபடுவதில்லை. அர்ஜென்டினாவில் அந்த இடைவெளி குறித்த வாதத்திற்கு முதலில் தேர்தல் மோசடியால் இடம் மறுக்கப்பட்டது. பின்னர் ஏழைகளின் உரிமை ஒரு தலைவியின் பெயரோடும் ஒரு கட்சியோடும் பிணைக்கப்பட்டது. இறுதியில் அந்தப் பெயரையே அழிக்க முயன்றவர்கள், அதன் மூலம் மரியாதை பெற்ற மக்களையும் அழிக்க முயல்வதாகவே தோன்றினர். எவ்வளவு பங்கிடுவது என்று தொடங்கிய வழக்கு, இந்த நாடு யாருடையது என்ற வழக்காக மாறியது. தந்தையின் சவ ஊர்வலத்தில் இடம் கேட்டு நின்ற அந்த ஆறு வயதுச் சிறுமி எதிர்கொண்டதும் ஏறத்தாழ இதே வழக்குதான்.