சம்பளத்துக்குத் துவக்குச் செய்தவர்

சத்தத்தை வைத்தே துவக்கின் வகையைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். செய்தவரின் பெயரை யாரும் கேட்டதில்லை. அப்படியொருவரான ஜோன் கராண்டின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

1888இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்து, இயந்திர நுட்பம் பழகினார். 1919இல் அரசின் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனார்.

அன்றைய அமெரிக்கச் சிப்பாய் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கையால் இழுத்துத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்றினான். கராண்டின் துவக்கில், வெடிமருந்து எரிந்து எழும் வாயுவின் அழுத்தமே வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றியது. விசையை எட்டு முறை அழுத்தினால் எட்டு வெடி. 1936இல் 'எம்1' என்று இராணுவம் அதை ஏற்றது. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் எனத் தொடர்ந்து, 50 இலட்சத்துக்கும் மேல் தயாரானது.

காப்புரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டார். ஒரு இலட்சம் டொலர் வழங்கக் கொண்டுவந்த சட்டமூலமும் நிறைவேறவில்லை. 1953இல் ஓய்வுபெற்று, 1974இல் இறந்தார்.

பணத்தாசை இல்லாத மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் செய்த துவக்குகளுக்குத் தொடரிலக்கம் இருந்தது. அவற்றால் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாத சாவு என்னவென்று எங்களுக்குத் தெரியும்.