டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்

திருவல்லிக்கேணியிலுள்ள அரசினர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். அப்பெயர் வந்த வரலாற்றை அறிந்தார் நம்முள் சிலரே. ஆதலின், அதற்கு மூலகாரணராய் விளங்கிய டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையாரின் சரித்திரத்தை நம் கலாசாலை அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அம்மையார் 1845-ஆம் ஆண்டு லண்டன் நகரிற் பிறந்தார். 1865-இல் வில்லியம் ஷார்லீப் என்னும் பாரிஸ்டரை மணந்து, மறு ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார். கணவரது சட்டப் பத்திரிகை வேலைக்கு உதவிபுரிந்து வந்த அவர் செவிக்கு, நம் நாட்டு மாதர் பிரசவ காலத்திற் படும் துன்பம் எட்டியது. ஆசாரம் மிக்க ஹிந்து ஸ்திரீகளிலும் கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் மாதரிலும் பலர், ஆடவரான வைத்தியர் முன் வருதலினும் இறத்தலே மேலெனக் கருதினர். மேனாட்டு வைத்தியம் பயின்றோரோ ஆடவரே. வைத்தியம் ஊரில் இருந்தது. வேண்டியவர்க்கு அது கிட்டவில்லை.

அம்மையார் முதலில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியிற் பயின்றார். மருத்துவச்சியின் பயிற்சி மட்டும் போதாதென விரைவில் உணர்ந்தார். இங்கிலாந்திலேயே பல கலாசாலைகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. எனினும், ஸர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்பர் துரையின் ஆதரவால் 1875-இல் சென்னை வைத்தியக் கலாசாலை நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவருள் ஒருவரான அம்மையார், மூன்று குழந்தைகளுக்குத் தாயாயிருந்தும் சோர்வின்றிக் கற்று 1878-இல் தேறினார்.

பின்னர்த் தாயகம் சென்று, 1882-இல் லண்டன் ஸர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பிரசவ சாஸ்திரத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. வியன்னா நகரிலும் பயின்று, விக்டோரியா மகாராணியாரைக் கண்டு இந்திய மாதர் நிலையை எடுத்துரைத்து, 1883-இல் சென்னை மீண்டார்.

1885-இல் ஜாதி ஹிந்து மாதர்க்கும் கோஷா மாதர்க்குமென விக்டோரியா ஆஸ்பத்திரி அவர் முயற்சியால் நுங்கம்பாக்கத்தில் தோன்றியது. பெண்களே சிகிச்சை செய்வர் என்னும் உறுதியே நோயாளிகளை வீட்டு வாயில் கடக்கச் செய்தது. ஜாதியின் பேரால் ஓர் ஆஸ்பத்திரி அமைவது குறையன்றோ எனின், குறையே. ஆயினும் அன்று மூடிக்கிடந்த கதவுகளைத் திறக்க அவ்வழியே கண்முன் இருந்தது.

ஓயாத உழைப்பால் உடல் நலிந்து, 1887-இல் அம்மையார் சென்னையை விட்டகன்றார். ஒருவரை நம்பி எழுந்த தருமங்கள் அவர் நீங்கியதும் மடிதல் உலக இயல்பு. இதுவோ மடியவில்லை. வேங்கடகிரி ராஜாவின் கொடையால் 1890-இல் திருவல்லிக்கேணியில் நிலையான கட்டடம் பெற்றது. ஒருபால் பார்த்தசாரதி ஸ்வாமி கோயில் மாடவீதிகளும், மற்றொருபால் வாலாஜா பள்ளிவாசலும் உள்ள அவ்வூரினும் அதற்குத் தக்க இடம் யாது?

இங்கிலாந்தில் அம்மையார் 1888-இல் லண்டன் எம்.டி. பட்டத்தை முதற் பெண்மணியாய்ப் பெற்றார். 1926-இல் டேம் என்னும் விருது எய்தி, 1930-இல் காலமானார்.

இன்று அம்மருத்துவமனை ஜாதி மத பேதமின்றி எல்லா மாதர்க்கும் உரியது. கல்வியால் வரும் பயன் யாதென வினவும் மாணவர், அதன் வாயிலில் தாயும் சேயுமாய் வெளிவருவோரைச் சற்றே நின்று காண்பாராக.