மார்கரீத்தா அம்மையார்

சான்றோர் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்தம் தாயரை முதற்பத்தியிலே வணங்கி, இரண்டாம் பத்தியிலே மறந்துவிடுவது பெருவழக்கு. தொன் பொஸ்கோ என்னும் அர்ச்சியசிட்டரின் பெயரைத் தமிழ் மக்கள் நன்கறிவர். அவர் நிறுவிய சலேசியர் சபையினர் 1906ஆம் ஆண்டிலேயே தஞ்சை மாநகரில் வந்திறங்கி, ஏழைச் சிறுவர்க்குக் கல்வியும் கைத்தொழிலும் பயிற்றத் தொடங்கினர். ஆயின் அவரை ஈன்றெடுத்த கமக்காரப் பெண்மணியை அறிந்தார் மிகச் சிலரே. அவரைப் பற்றியே யான் ஈண்டு எழுதக் கருதினேன்.

இத்தாலிய நாட்டின் வடமேற்கே பியெமோந்தே என்னும் பகுதியில், கப்ரீலியோ என்ற சிற்றூரில், 1788ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் மார்கரீத்தா ஒக்கியேனா பிறந்தார். ஞானஸ்நானமும் அன்றைக்கே நிகழ்ந்தது. ஏரும் மாடும் திராட்சைக் கொடியுமே அக்குடும்பத்தின் செல்வம். பள்ளிக்கூடத்து வாயிலை அவர் மிதித்தவரல்லர். கடைசிவரை எழுத்தறியாதவராகவே வாழ்ந்தார். சிறுமியாய் இருந்த காலத்தில், களத்தில் உலரவிட்டிருந்த சோளத்தைப் படைவீரரின் குதிரைகள் மேய வந்தனவாம். அவர் வைக்கோல் வாரும் கவையைக் கையிலேந்தி அவற்றை அடித்து விரட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். குதிரைக்கு உரியோன் வாளுடையவன் என்பதை அப்பெண் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

1812ஆம் ஆண்டு யூன் மாதம் பிரான்செஸ்கோ பொஸ்கோ என்பாருக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் மனைவியை இழந்தவர். அந்தோனியோ என்னும் மகனை உடையவர். நோயுற்ற முதிய தாயையும் பேணி வந்தவர். இல்லற வாழ்வு ஐந்தாண்டே நிலைத்தது. ஜுசேப்பே, ஜொவான்னி என இரு புதல்வர் பிறந்தனர். 1817ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், வயலில் உழைத்து வியர்த்த உடலோடு குளிர்ந்த நிலவறையுட் புகுந்த கணவர் சுரங்கண்டு சில நாளில் இறந்தார். இருபத்தொன்பது வயதுக் கைம்பெண்ணின் பொறுப்பில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் விடப்பட்டனர். பிற்காலத்திலே தொன் பொஸ்கோ ஆன ஜொவான்னிக்கு அப்பொழுது இரண்டு வயதும் நிரம்பவில்லை.

துன்பம் தனித்து வரவில்லை; பஞ்சத்தையும் உடன்கொண்டு வந்தது. 1815இல் கீழ்த்திசையிலே சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தமையால் வானிலை திரிந்து, அடுத்த ஆண்டில் ஐரோப்பாவின் பல பாகங்களிலும் விளைவு கெட்டது என்று அறிஞர் காரணங் காட்டுவர். பெக்கி என்னும் மேட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த மார்கரீத்தா எரிமலையை அறியார். வெறும் குதிரையே அறிவார். அயலவர் ஒருவரிடம் காசு கொடுத்துச் சந்தைகளுக்கு அனுப்பினார். அவர் தானியம் எதுவுமின்றி வெறுங்கையோடு மீண்டார். பிள்ளைகள் பசியால் வாடினர். இறைவனை நம்புமாறு கணவர் இறக்குந் தறுவாயில் கூறிச் சென்றதை நினைவூட்டி, அனைவரையும் முழந்தாளிட்டுச் செபிக்கச் செய்தார். பின்னர் எழுந்து தொழுவத்துக்குச் சென்று, அயலார் துணையோடு கன்றை வெட்டி, அன்றிரவே சமைத்துப் படைத்தார். மாட்டை நம்பி வாழும் கமக்குடியிலே கன்றைக் கொல்வதென்பது வருங்காலத்தையே உலையிலிடுவதை ஒக்கும் என்பதை எம்மவர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை. செபித்தபின் கைகட்டிக் காத்திராது கத்தியைத் தேடிய இச்செயலிலேதான் அவருடைய பக்தியின் தன்மையை யான் காண்கின்றேன்.

மறுமணஞ் செய்யுமாறு பலர் வற்புறுத்தினர். பிள்ளைகளை வளர்க்கத் தக்க காப்பாளர் ஒருவரை அமர்த்தலாம் என்றும் ஆசை காட்டினர். காப்பாளர் நண்பராகலாமேயன்றித் தாயாக மாட்டார் என மறுத்துவிட்டார்.

மூத்தார் மகன் அந்தோனியோவைக் கொடியவனாக வரைவது வரலாற்றாசிரியர் வழக்கு. யான் அதற்கு முழுதும் உடன்படேன். மூன்று வயதிற் பெற்ற தாயையும் ஒன்பது வயதிற் தந்தையையும் இழந்து, மண்வெட்டியே துணையாக வளர்ந்த இளைஞன் அவன். தான் வயலில் வருந்தத் தம்பி புத்தகம் விரிப்பதை அவன் பொறாதது இயற்கையே. எம் ஊர்களிலும், ஒரு மகன் தோட்டத்தில் நிற்க மற்றவன் பள்ளிக்குச் செல்லும் வீடுகளில் இப்பூசல் எழக் கண்டிருக்கின்றேன். அவன் சிற்றன்னையை நோக்கிக் கையோங்கியதும் உண்டு. அம்மையாரோ அவனைத் திருப்பி அடித்தாருமல்லர்; வீட்டைவிட்டு விலக்கினாருமல்லர். மாறாக, தாம் பெற்ற ஜொவான்னியையே பன்னிரண்டு வயதளவில், குளிர்காலத்திலே, வேற்றூர்ப் பண்ணையில் வேலை தேடிக்கொள்ளுமாறு அனுப்பினார். மூத்தாள் மகனுக்காகத் தன் மகனைப் பிரிந்த தாயார் எத்தனை பேர்? பின்னர் நிலம் பங்கிடப்பட்டது. ஜொவான்னியின் கல்விக்கும் வழி பிறந்தது.

எழுத்தறியாத அவர் ஞானோபதேசத்தை மனப்பாடமாகவே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். முதல் நன்மை வாங்குதற்கு மகனை ஆயத்தஞ் செய்தவரும் அவரே. முப்பதாண்டுகளாக நன்னூற் சூத்திரங்களை மாணவர் நாவில் ஏற்ற முயன்று வருகின்ற எனக்கு அவருடைய வெற்றி சிறிது பொறாமையையும் தருகின்றது. மகன் குருத்துவ வாழ்வைத் தேர்ந்தபோது, அவன் செல்வனாகிவிட்டால் அவன் வீட்டு வாயிலைத் தாம் மிதிக்கப் போவதில்லை என்று எச்சரித்தார். 1841ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் ஜொவான்னி குருவாக அபிடேகம் பெற்றார். தாயஞ்சிய செல்வம் அவரை ஒருபோதும் அணுகவில்லை!

இனி, அம்மையாரின் வாழ்வில் யான் மிகவும் வியப்பது 1846ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஜுசேப்பே மணமுடித்து, வீட்டிலே பேரப்பிள்ளைகள் தவழ்ந்தனர். ஐம்பத்தெட்டு வயதுப் பாட்டி, அவர்களை மடியிலிருத்திச் செபமாலை சொல்லிக்கொண்டு இளைப்பாற வேண்டிய காலம். தூரின் நகரத்துத் தெருச் சிறுவர்க்காக உழைத்துக் கடும் நோயுற்று, தேறுதற்பொருட்டு ஊர் வந்த தொன் பொஸ்கோ, தம்முடன் வருமாறு அன்னையை வேண்டினார். அது கடவுளின் சித்தமாயின் வருவதாக அவர் இசைந்தார். நொவெம்பர் 3ஆம் நாள் மகன் செபநூலுடனும் தாய் ஒரு கூடையுடனும் கால்நடையாகவே புறப்பட்டு, மாலையில் நகரை அடைந்தனர்.

வல்தொக்கோ என்ற புறநகரில் அவர்களுக்கு வாய்த்தவை சில வெற்றறைகள். அம்மையார் தம் மணக்கோலத்து ஆடைகளை வெட்டிப் பூசை உடுப்புகளும் பீடத் துணிகளும் தைத்தார்; கழுத்துமாலையையும் விற்றார். 1847ஆம் ஆண்டு மே மாதத்து மழையிரவொன்றில் நனைந்த அனாதைச் சிறுவன் ஒருவன் கதவைத் தட்டினான். முன்னர் தங்கவிட்ட சிறுவர் போர்வைகளைத் திருடிச் சென்றிருந்தனர். எனவே இவனும் அவ்வாறு செய்வானோ என அவர் ஐயுற்றதை மறைத்தாரல்லர். எனினும் உணவளித்து, அடுப்பருகே செங்கல்லும் பலகையும் அடுக்கிப் படுக்கை அமைத்தார். உறங்குமுன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் சில சொற்கள் கூறினார். சலேசியர் இல்லங்களில் இரவுதோறும் தலைவர் பகரும் சிறு நல்லுரையின் தொடக்கம் இதுவே என்பர்.

அவருக்கு அங்கே சொந்தமென்று இருந்தது ஒரு மரக்கறித் தோட்டம். நகரத்துக்கு வந்தும் கமக்காரியின் கை மண்ணை மறவாதன்றோ? ஒருநாள் சிறுவர்கள் படைவீரர் போல் அணிவகுத்துப் போர் விளையாடினர். தோற்ற அணி பின்வாங்கித் தோட்டத்துட் பாய்ந்தது; பாத்திகள் யாவும் மிதியுண்டு அழிந்தன. கிழிந்த சட்டைகளும் தொலைந்த காலுறைகளும் முன்னரே அவர் பொறுமையைச் சோதித்திருந்தன. ஒருநாள் மாலை மகனிடம் அனைத்தையும் எடுத்துரைத்து, தம்மை ஊருக்கே அனுப்பிவிடுமாறு கேட்டார். பெக்கியில் பேரப்பிள்ளைகள் இருந்தனர், அமைதியும் இருந்தது. அவர் கேட்டதில் பிழை யாது? மகன் மறுமொழி கூறாது சுவரிலே தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினார். அம்மையார் அதனை ஏறிட்டு நோக்கினார். மகனே சொல்வது சரியென ஒப்பி, மீண்டும் சமையற்கட்டுக்குச் சென்றார். களைத்துச் சலித்த இந்த மார்கரீத்தா அம்மையாரையே, களைப்பறியாத தெய்வமாகத் தீட்டப்பட்ட படங்களினும் யான் பெரிதும் மதிக்கின்றேன்.

1854ஆம் ஆண்டு தூரினில் வாந்திபேதி பரவியது. தொன் பொஸ்கோவின் இளைஞர் நோயாளரைப் பேணச் சென்றனர். துணியில்லை என்று அவர்கள் வந்து கேட்குந்தோறும் அம்மையார் படுக்கை விரிப்புகளையும் மேசை விரிப்புகளையும் எடுத்துக் கொடுத்தார். அவையும் முடிந்தபின் மகனின் இசைவோடு பீடத் துணியையே கொடுத்தனுப்பினார்.

1856ஆம் ஆண்டு நொவெம்பர் 25ஆம் நாள், நியூமோனியாக் காய்ச்சலால், அறுபத்தெட்டாம் வயதில், விடியுமுன் அவர் உயிர் நீத்தார். மகன் கொன்சொலாத்தா ஆலயத்துக்குச் சென்று அன்னைக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். அம்மையாருக்கெனத் தனிக் கல்லறை இல்லை; ஏழையர் பொதுக்குழியிலே அவருடலும் சேர்ந்துவிட்டது. லெமோயின் என்னும் குருவானவர் 1886இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். 2006இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அவர் இறந்த வேளையிலும் வல்தொக்கோவில் உண்ணக் காத்திருந்த சிறுவர் பலர். பின்னாளில் தொன் பொஸ்கோவுக்குப் பின் சபைத் தலைவராகிய மிக்கேல் ருவாவின் தாயார் வந்து, அவ்வில்லத்துத் தாய்ப்பணியை ஏற்று, இருபதாண்டளவு செய்தார்.